ஒரே வீட்டில் இரண்டு சட்டமா?



போன இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் சரியாகத் தூங்க விடவில்லை. எழுதியவர் ஆறு மாதக் கர்ப்பிணி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருக்கிறது. என் மாமியாருக்கு 74 வயது. 25 வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பேரும் ஒரே டாக்டரிடம்தான் போகிறோம். எனக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 120ஐத் தாண்டக் கூடாதாம். 128 வந்ததற்கே டாக்டர் முகம் மாறிவிட்டது. மாமியாருக்கு 190 வந்தபோது, 'பரவாயில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்' என்று சொல்லி ஒரு மாத்திரையையே நிறுத்திவிட்டார். 'கிழவிதானே என்று டாக்டர் என்னைக் கைகழுவிவிட்டார்' என்று மாமியார் அழுகிறார். நிறுத்திய மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி, எங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார். யாரிடம் சொல்வது? ஒரே வீட்டில் இரண்டு சட்டமா அம்மா?"

என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பழைய சீட்டுதான். அந்த மாமியார் செய்கிற காரியத்தை நானும் செய்திருக்கிறேன். அதன் விலை என் பேரனின் உயிராகப் போயிருக்கும். இதுவரை இந்தப் பக்கத்தில் அதை எழுதியதில்லை; வெட்கம். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கும் சர்க்கரைக்கும் முப்பத்தாறு வருஷத்துக்கு மேலான உறவு. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், முதல் வருஷத்துக் கணவர் வேறு, முப்பதாவது வருஷத்துக் கணவர் வேறு. இந்த வியாதியும் அப்படித்தான்.

கொல்லைப்புறத்து லாபரட்டரி

1982ல் என் இரண்டாவது குழந்தை பிறந்தாள். நாலு கிலோவுக்கு மேல். "ராஜாத்தி மாதிரி பெத்திருக்கே!" என்று ஊரே திருஷ்டி கழித்தது. எட்டாம் மாதத்தில் சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை தெரிகிறது என்று நர்ஸம்மா சொன்னார். "பிள்ளை பிறந்ததும் போயிடும்" என்றார். போய்விட்டது. கர்ப்பத்தில் வந்து போன சர்க்கரை பின்னால் திரும்பி வரக்கூடும், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

1988ல் எனக்கு 34 வயது. தாகம், அசதி. அதைவிடச் சொல்லக் கூசுகிற இடத்தில் ஓயாத அரிப்பு. நம் பெண்கள் பலருக்கு முதல் அடையாளம் அதுதான், சகோதரிகளே. வெட்கப்பட்டு ஆறு மாதம் தேங்காயெண்ணெயும் பவுடரும் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகு 310.

அப்போது வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் எங்களைப் போன்றவர்களுக்கு ஏது? பெனடிக்ட் கரைசல்தான். நீல நிறத் திரவம் ஐந்து மில்லி, அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு, கண்ணாடிக் குழாயில் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் தலைக்கு மேல் வெள்ளம். "அடுப்பங்கரையிலே இதையா வச்சுக் காய்ச்சுவே?" என்று மாமியார் சத்தம் போட்டார். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கையும் குழாய் பிடிக்க ஒரு கம்பியையும் அமைத்துக் கொடுத்தார். தினம் காலையில் கோலம் போட்ட கையோடு அங்கே போவேன். நீலம் வந்தால் அன்றைக்கு நான் நல்லவள். செங்கல் வந்தால் பாவி.

அந்தக் கணக்கு எவ்வளவு அரைகுறை என்று பிறகுதான் புரிந்தது. ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டினால்தான் சர்க்கரை பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். நீலம் என்றால் 170 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். மேலே ஏறுவதை ஓரளவு சொல்லும். கீழே இறங்குவதைச் சொல்லவே சொல்லாது. என் மனமும் அப்படியே பழகிவிட்டது. ஏறினால்தான் ஆபத்து, இறங்கினால் வெற்றி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டிலும் கோளாறுதான். "அரிசியை விட்டுச் சப்பாத்தி சாப்பிடு" என்றார்கள். நான் ஒரு கிண்ணம் சாதத்தை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டேன். கேழ்வரகு நல்லது என்றார்கள். அதை மாவாக்கிக் கூழ் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தேன். கூழாகக் குடித்தால் அது சீக்கிரம் ஜீரணமாகிச் சர்க்கரையை விறுவிறு என்று ஏற்றும் என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு, எந்த வடிவில், பக்கத்தில் எவ்வளவு காய், பருப்பு என்பதுதான் கணக்கு. இதைக் கற்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

இருந்தாலும் அந்த முதல் பத்து வருஷம் கண்டிப்பாக இருந்ததற்கு இன்றும் பலன் அனுபவிக்கிறேன். இது என் கற்பனை அல்ல. பிரிட்டனில் 1977ல் ஆரம்பித்து, புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்து, 1998ல் முடிவு வெளியிட்டார்கள். ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக் குழாய்க் கோளாறுகள் குறைந்தன. பத்து வருஷம் கழித்து, 2008ல், அதே ஆட்களைப் பற்றிய அடுத்த அறிக்கை வந்தது. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு கூட்டத்தாருடைய சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டபோதும், ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்தவர்களுக்கு அந்த நன்மை நீடித்தது. இளமையில் போட்டு வைத்த சேமிப்பு மாதிரி. ஆகவே புதிதாகச் சர்க்கரை கண்ட இளம் தாய்மார்கள், "இந்தக் கிழவியே நிதானமாக இரு என்கிறாள்" என்று நான் பின்னால் எழுதப் போவதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சட்டம் கண்டிப்புச் சட்டம்தான்.

நான் என்ன தப்புப் பண்ணினேன்?

பத்து வருஷம் கழிந்தது. அதே சாப்பாடு, அதே நடை, அதே மாத்திரை. ஆனால் எண்கள் ஏற ஆரம்பித்தன. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. "ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடறே" என்று மாமியார் குற்றம் சாட்டினார். நானே என்னைச் சந்தேகித்தேன். ரசத்தில் போட்ட துளி வெல்லமா? பக்கத்து வீட்டு வளைகாப்பில் சாப்பிட்ட சித்திரான்னமா?

2003ல் டாக்டர் சொன்னார்: "அம்மா, நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. கணையம் இன்ஷுலின் சுரக்கிற சக்தி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். இந்த வியாதியின் குணம் அது. கிணற்றில் ஊற்று குறைந்தால் இறைக்கிறவள் என்ன செய்வாள்? வெளியிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும்." இன்ஷுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். "ஊசி போட ஆரம்பிச்சா கடைசிக் கட்டம்", "கண்ணு போயிடும்" என்று உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். பயத்தில் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அடுத்த வருஷம் கண்ணில் லேசர் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கண்ணைக் கெடுப்பது ஊசி அல்ல. பல நாள் ஏறிக் கிடக்கிற சர்க்கரை. ஊசியைத் தேவைப்படும்போது தொடங்காமல் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு அது வந்த நேரத்தில் கண்ணும் கெட்டதைப் பார்த்து ஊசிமேல் பழி போடுகிறோம்.

ஊசி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கண்ணாடிக் குப்பியில் வரும் இன்ஷுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். கடைக்குச் சிறுவர்களை அனுப்பும்போது பழைய மூடியைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

2009 நவராத்திரி. கொலுப்படிக்குக் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் என் மகள், "அம்மா, தரையெல்லாம் என்ன சிவப்பு? குங்குமம் கொட்டிருச்சா?" என்றாள். என் உள்ளங்காலில் ஒரு குண்டூசி ஆணி, அதுதான் பேப்பரைக் குத்துகிற பித்தளை ஆணி, முழுசாக ஏறியிருந்தது. மத்தியானத்திலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறேன். வலிக்கவில்லை! அன்றிலிருந்து ராத்திரி படுக்குமுன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. கால் மரத்தவர்கள் வெந்நீரில் காலை ஊறவைக்கவே கூடாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கால் மரப்பு எல்லாம் சர்க்கரையால்தான் என்று இருந்துவிடக் கூடாது. மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 வைட்டமின் குறையலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது இன்னும் சுலபமாகக் குறையும். அதனாலும் கால் மரக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்த ஆடி மாதச் சாயங்காலம்

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2022. எனக்கு 68 வயது. வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து வயதுப் பேரனை ஸ்கூல் வேனிலிருந்து இறக்கிக்கொள்வது என் பொறுப்பு. பசி குறைந்திருந்தது. ஒரு வருஷத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தேன். மூன்று மாத சராசரியைக் காட்டுகிற பரிசோதனையில் 6.2 வந்தது. கல்யாணமாகாத பெண்களுக்கு வருவது போல! பெருமையோடு அந்தச் சீட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். இவர் புது டாக்டர், சின்ன வயசு.

அவர் பாராட்டவில்லை. "அம்மா, இது ரொம்பக் குறைவு. சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது. இன்ஷுலினும் மாத்திரையும் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். எடையும் குறைந்திருக்கிறது. இந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி ஊசியை 18லிருந்து 12 யூனிட் ஆக்குங்கள். சராசரி ஏழரை வரை இருந்தால் போதும்" என்றார். அவர் நிறுத்தச் சொன்னது கிளிபென்கிளமைடு. 1988லிருந்து என்னோடு வந்த மாத்திரை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? பழைய டாக்டர் ஏழு தாண்டினால் திட்டுவார். வயசாச்சு, இனி எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிறாள்.' பழைய சீட்டைக் காட்டி இரண்டு அட்டை வாங்கினேன். ஊசியையும் குறைக்கவில்லை. மருமகள் கேட்டபோது, "டாக்டர் சொன்ன மாதிரிதாம்மா" என்று பொய் சொன்னேன்.

மூன்று வாரம் போயிற்று. நடுநடுவே எனக்குக் கோபம் வந்தது. காரணமில்லாமல் பேரன்மேல் எரிந்து விழுந்தேன். "அத்தைக்கு இப்பல்லாம் ரொம்பக் கோபம் வருது" என்று மருமகள் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. வயசான கோபம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. விரதம் என்று மத்தியானம் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. சாயங்காலம் பேரனுக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும். காஸைத் திறந்திருக்கிறேன், லைட்டரை அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பாட்டி, நாத்தம் அடிக்குது" என்று பிள்ளை வந்து நின்றிருக்கிறான். நான் ஏதோ உளறியிருக்கிறேன். பயந்துபோய் அவன் வாசலுக்கு ஓடி அழ, அந்தப் பெண் ஓடி வந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல், காஸை மூடி, ஜன்னலைத் திறந்து, பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு விழுங்கத் தெரிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். மருமகள் வந்து விரலைக் குத்திப் பார்த்தபோது, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும், 48.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் தங்கினேன். வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் ஒரு நாள் வரை திரும்பத் திரும்ப இறங்குமாம். விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி 60 ஆயிற்று.

மருமகள் என் பையைத் திறந்து அந்த இரண்டு அட்டைகளை எடுத்தாள். திட்டவில்லை. "ஏன் அத்தை?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். முப்பத்து நாலு வருஷம் அந்த நீல நிறம்தான் எனக்கு நற்சான்றிதழ். "கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை" என்று சொன்னபோது, என் உழைப்பையே வேண்டாம் என்று தள்ளியது போல் இருந்தது.

இரண்டு சட்டமும் நியாயமே

கடிதம் எழுதிய மகளே, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் சட்டம் ஏன் கண்டிப்பு? உன் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. உன் இன்ஷுலின் போவதில்லை. குழந்தையின் சின்னக் கணையம் தானே அதிக இன்ஷுலின் சுரந்து சமாளிக்கிறது. அதனால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். என் மகள் நாலு கிலோ ராஜாத்தியாகப் பிறந்த ரகசியம் இதுதான். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் என்பது இதற்காகத்தான். இன்னும் சில மாதம்தான். பல்லைக் கடித்துக்கொள். பட்டினி மட்டும் கிடக்காதே. மூன்று வேளைச் சாப்பாட்டைக் குறைத்து, நடுவில் இரண்டு மூன்று முறை சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை. குழந்தையின் தடுப்பூசிக்குப் போகிற நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. பிறகு சரியாக இருந்தாலும் வருஷம் ஒரு முறை. எனக்கு 1982ல் கிடைக்காத புத்திமதி இது. உனக்குக் கிடைத்திருக்கிறது.

உன் மாமியார் சட்டம் ஏன் தளர்வு? ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிப்பதற்குப் பல வருஷம் பிடிக்கும். இறங்கிய சர்க்கரை ஒரு நிமிஷத்தில் குளியலறையில் தள்ளி இடுப்பை ஒடிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஓர் ஆய்வில், சில காலமாகவே சர்க்கரை உள்ளவர்களுக்கு, இருதய ஆபத்து மிகுந்தவர்களுக்கு, மூன்று மாத சராசரியை 6க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் சாவு அதிகமானதால் 2008 பிப்ரவரியில் அந்தக் கண்டிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆரம்பத்துக் கண்டிப்பு நன்மை என்ற அறிக்கை வந்ததும் அதே 2008ல்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் உன் வீட்டு டாக்டரைப் புரிந்துகொள்ளலாம். திடமாக இருக்கிற முதியவருக்குச் சராசரி ஏழு, ஏழரை; பல வியாதிகளோடு தளர்ந்தவருக்கு எட்டு என்று இன்று ஆளுக்கு ஆள் வைக்கிறார்கள். உன் மாமியாரைக் கைகழுவவில்லை, அம்மா, கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தளர்வு என்றால் கைவிடுவதும் அல்ல. அடிக்கடி 250ஐத் தாண்டினால், ராத்திரியில் பலமுறை எழுந்து போனால், தாகமும் இளைப்பும் இருந்தால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த மாத்திரை ரகசியத்தை என்ன செய்வது என்று கேட்டாய். சண்டை போடாதே, ஊரைக் கூட்டாதே. ஆனால் நாளைக்கு என்றும் தள்ளாதே. "அத்தை, எல்லா மாத்திரையையும் ஒரு பையிலே போட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம், நானும் வர்றேன்" என்று கூப்பிடு. அந்தப் பழைய அட்டையும் பையில் வரட்டும். டாக்டரிடம், "இவ்வளவு வருஷம் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு ஏன் குறைக்கிறீர்கள் என்று எங்கள் அத்தைக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்று அவர் எதிரிலேயே கேள். எனக்கு அன்று யாராவது இப்படிக் கேட்டிருந்தால், நான் அந்த அட்டையை வாங்கியிருக்க மாட்டேன். முடிந்தால் இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடு. ஒரு மாமியார் சொன்னால் இன்னொரு மாமியார் கேட்பார்.

வயதானவர் இருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

* திடீர்க் கோபம், உளறல், நடுக்கம், வியர்வை, தள்ளாட்டம் என்றால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் தாழ்ந்த சர்க்கரை. மெஷின் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரை கொடுங்கள்.

* மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் இட்லியோ பிஸ்கெட்டோ கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

* வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். ஒரு டப்பா எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

* நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

* ஊசி போட்டதும் காலண்டரில் ஒரு கோடு. "போட்டேனா, இல்லையா?" என்று மறந்து இரண்டு முறை போடுகிற ஆபத்து வயதானால் உண்டு.

* விரதம், வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காத நாள் என்றால் மருந்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். நாமாக நிறுத்தவும் வேண்டாம், நாமாகத் தொடரவும் வேண்டாம்.

* வருஷம் ஒரு முறை கண்ணுக்குள் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், கால் உணர்ச்சி ஆகிய நாலையும் பார்த்துவிடுங்கள். பார்க்கிற அன்றைக்கே, "இந்த மருந்து இன்னும் இதே அளவு வேண்டுமா?" என்றும் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி ஊசியை நான் எடுக்க, அளவை மருமகள் பார்க்கிறாள். லேசர் போட்ட கண்ணுக்கு அந்தச் சின்னக் கோடுகள் தெரிவதில்லை. முன்பெல்லாம் யாராவது எட்டிப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. இப்போது, "பன்னிரண்டு, சரி அத்தை" என்று அவள் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொடுகிறேன். பேரனுக்கு எட்டு வயதாகிவிட்டது. குளுக்கோஸ் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவனைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். போன மாதச் சராசரி 7.4. சீட்டைப் பார்த்து டாக்டரம்மா, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். நீல நிறம் வந்த நாள் மாதிரியே சந்தோஷமாக இருந்தது.

மற்றவை அடுத்த இதழில். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி